ஊரைச் சுற்றிய கோடு

முன்னொரு காலத்தில், மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் அகன்ற ஆறுமாக இருந்த ஒரு நகரத்தை, நிறங்களின் மேல் பித்துக் கொண்ட ஓர் அரசன் ஆண்டுவந்தான். ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் மயில் தோகை விரித்து ஆடுவதைப் பார்த்தவன், மறுநாளே ஊரெங்கும் பறை அறைவித்தான். அடுத்த பௌர்ணமி முதல் சபைக்கு வருவோர் அனைவரும் மயில்நிறப் பட்டு உடுத்தித்தான் வரவேண்டும். வேறு நிறத்தில் வருவோர் வாசலோடு திரும்பிப் போகலாம்.

மயில்நிறப் பட்டு அந்த நாட்டில் நெய்யப்படுவதில்லை. கப்பலில்தான் வரவேண்டும். அமைச்சரும் படைத்தலைவரும் தங்கள் பெட்டியைத் திறந்து பொன்னை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். சபை விகடன் உய்யவந்தான் வீட்டில் திறப்பதற்குப் பெட்டியே இல்லை. அவன் பொக்கிஷதாரர் மழவராயரின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

மழவராயர் பகலில் அரசனின் பொக்கிஷத்தைக் காத்தார்; மாலையில் தம் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். உய்யவந்தான் சபையில் வாயைத் திறந்தால் அரசன் சிரிப்பான். மழவராயர் வாயைத் திறந்தால் அரசன் கொட்டாவி விடுவான். இதை மழவராயர் ஒருநாளும் மறந்ததில்லை. ஆனாலும் அன்று தம் கையாலேயே இளநீர் சீவிக் கொடுத்து உபசரித்தார்.

"பத்துப் பொன்தானே விகடரே! நமக்குள் என்ன?" என்று சொல்லி ஓலையை நீட்டினார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"எல்லாருக்கும் எழுதுவதுதான்."

உய்யவந்தானுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் ஒருவர் கொடுத்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ஓலையை எழுத்துக்கூட்டிப் படிப்பது அவனுக்கு மரியாதையாகப் படவில்லை. பெருவிரலில் மையைத் தடவிப் பதித்தான்.

அரசனுக்கு மயில்நிறம் ஒரே பருவத்தில் சலித்துப்போயிற்று. பட்டு மூலையில் மடித்துக் கிடந்து மடிப்போடு கிழிந்தது. கடன் மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே புதிதாக இருந்தது. மாதந்தோறும் சம்பள நாளன்று கணக்கர் சபை நடுவே நின்று கூவுவார்: "விகடருக்கு மூன்று பொன். மழவராயர் வட்டிக்கு ஒன்று கழித்து, இரண்டு!" உரக்கக் கூவ வேண்டும் என்பது மழவராயரின் ஏற்பாடு. கூவும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்பு எழும். அந்தச் சபையில் உய்யவந்தான் உண்டாக்காத சிரிப்பு அது ஒன்றுதான்.

இப்படியே ஓராண்டுக்கு மேல் போயிற்று. உய்யவந்தான் யாரையும் குறை சொல்லவில்லை. நாம்தானே கேட்டோம், நாம்தானே விரல் பதித்தோம் என்று ஒவ்வொரு மாதமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இரண்டு பொன்னோடு வீட்டுக்கு நடந்தான். வீட்டில் வடிவு இருந்தாள். அதனால் அந்த நடை அவ்வளவு கனக்கவில்லை.

பிறகு வடிவு பிரசவத்துக்காக அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். பங்குனி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, ஓடக்காரன் சடையாண்டி ஈரக் காலோடு ஓடிவந்தான்.

"ஐயா, பொம்பளப் புள்ள! உங்க மூக்கு அப்படியே இருக்குதாம். பாவம், அதுக்கு அம்மா மூக்கு வந்திருக்கலாம்."

உய்யவந்தான் மேல்துண்டைக்கூட எடுக்காமல் படித்துறைக்கு ஓடினான். அங்கே மழவராயர் தம் ஆட்களோடு நின்றிருந்தார்.

"முதல் பணத்தைக் கட்டாமல் அக்கரைக்கா? அது வேறொருவர் நாடல்லவா?"

"குழந்தையைப் பார்த்துவிட்டு நாளைக்கே திரும்பிவிடுவேன், ராயரே."

"எல்லாக் கடன்காரரும் நாளைக்கேதான் திரும்புவார்கள்."

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடன் கொடுத்தவன் கடன்பட்டவனைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் இட்டுவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவன் வீடு கடன் கொடுத்தவனுக்குப் போய்விடும். ஊர் அவனை மறுபடி உள்ளே சேர்க்காது. உய்யவந்தான் தன் காலடியைக் குனிந்து பார்த்தான். மழவராயர் சிரித்தார்.

"பயப்படாதீர். உம்மை இங்கேயே நிறுத்திவிட்டால் சபைக்கு எப்படி வருவீர்? சம்பளம் எப்படி வாங்குவீர்? எனக்கு வட்டி எப்படி வரும்? பெரிய மனத்தோடு பெரிய கோடாகவே போடுகிறேன்."

அன்று மாலைக்குள் ஒரு மாட்டுவண்டி, பின்னால் துளையிட்ட சுண்ணாம்புத் தொட்டியோடு நகரத்தை ஒருமுறை சுற்றி வந்தது. வயல் வரப்போரமாகவும் தோப்போரமாகவும் வந்த வெள்ளைக் கோடு, படித்துறையின் கடைசிப் படிக்கு முந்தைய படியில் போய்ச் சேர்ந்தது. கோட்டுக்கு அப்பால் ஒரே ஒரு படி. அதற்கப்பால் தண்ணீர். மழையில் அழிந்தால் புதுப்பிக்க ஓர் ஆளையும் மழவராயர் வைத்தார். "கடன்காரனிடம் இவ்வளவு தாராளமா!" என்று அரசன் அவரைச் சபையில் பாராட்டினான்.

அதன்பின் உய்யவந்தானின் மாலைகள் எல்லாம் படித்துறை மண்டபத்தில் கழிந்தன. அங்கிருந்து பார்த்தால் அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே ஒரு புகை எழுவது தெரியும். அது வடிவின் வீட்டு அடுப்புப் புகைதான் என்று அவன் முடிவு செய்துகொண்டான். புகை சீக்கிரம் எழுந்தால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது. தாமதமானால் அழுகிறது. எழவே இல்லையென்றால் அவனுக்கு அன்று சோறு இறங்காது. நடுவில் பல நாள், அது வேறு யாருடைய வீட்டுப் புகையோ என்ற சந்தேகமும் வரும். சடையாண்டியிடம் கேட்டால் தெரிந்துவிடும்; ஆனால் கேட்கப் பயந்தான்.

ஒருநாள் சடையாண்டி மடியிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்துக் கொடுத்தான். குழந்தையின் அரைஞாண்.

"இது பத்தலையாம் ஐயா, புதுசு கட்டிட்டாங்க. பழச உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. 'இவ்வளவுதான் இருந்தா, இப்ப இதவிடப் பெரிசுன்னு அவருகிட்ட சொல்லு'ன்னாங்க."

உய்யவந்தான் அந்தக் கயிற்றை வட்டமாகப் படியில் வைத்துப் பார்த்தான். உள்ளே கல்தான் தெரிந்தது. எவ்வளவு பெரியவள் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஐயா, இன்னொண்ணு. மேக்கே மழை பலமாம். ஐப்பசி வெள்ளம் எறங்கிட்டா தை வரைக்கும் ஓடம் விட முடியாது. இப்பவே தண்ணி செவக்குது பாருங்க."

மறுநாள் சபையில் உய்யவந்தான் சொன்ன வேடிக்கை எதற்கும் அரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னவனுக்கே வரவில்லை. கடைசியில் அவன் கைகூப்பினான்.

"பிரபோ, நான் போக முடியாது என்றால் போகட்டும். வெள்ளம் வருவதற்குள் என் மனைவியும் குழந்தையும் இங்கே வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப அனுமதி தாருங்கள்."

மழவராயர் எழுந்தார். "வருவதற்குத் தடையே இல்லை, பிரபோ. ஆனால் கோட்டுக்குள் இருப்பவர் யாராயினும் கோட்டுக்குக் கட்டுப்பட்டவரே. வந்தால் அவர்களும் கடனுக்கு உரியவர்கள். தாய் என் வீட்டில் மாவு இடிக்கலாம். குழந்தை வளர்ந்தபின் இடிக்கலாம்."

"யாராயினுமா?" என்றான் உய்யவந்தான்.

"யாராயினும்."

"அதுதான் வழக்கம் என்றால் அப்படியே ஆகட்டும்," என்றான் அரசன் சலிப்போடு. "விகடரே, உமது பேச்சு எனக்குப் புளித்துவிட்டது. நாளைக்கு வாயைத் திறக்காமல் என்னைச் சிரிக்க வையும். ஒரு சொல் சொன்னாலும் உமது இடம் மழவராயரின் மருமகனுக்குப் போகும்."

சம்பளமும் போய்விட்டால் முதல் பணத்தை அடைக்க வழியே இல்லை. கோடு சாகும்வரை கோடாகவே இருக்கும். உய்யவந்தான் நேரே மண்டபத்துக்குப் போய்த் தூணில் சாய்ந்தான். புகை எழுந்திருந்தது. ஆற்றின் சிவப்பு முந்தின நாளைவிடக் கூடியிருந்தது.

அந்த மண்டபத்தில் தினமும் விளக்கேற்றியதும் நங்கையாண்டாள் என்ற பெண்மணி நாட்டின் நீதி ஏடுகளை உரக்க வாசிப்பாள். குடிகள் சட்டம் அறியட்டும் என்று பழைய அரசர் யாரோ விட்டுவைத்த நிலத்தின் நெல் அவளுக்கு அதற்காக அளக்கப்பட்டது. குடிகள் காற்றுக்காக வந்து, முதல் ஏடு முடிவதற்குள் குறட்டை விடுவார்கள். உய்யவந்தான் பங்குனியிலிருந்து ஒருநாள் தவறாமல் அங்கே உட்கார்ந்திருந்தும் ஒரு வரியைக்கூடக் காதில் வாங்கியதில்லை.

அன்று அவள் பாதியில் நிறுத்தினாள். "விகடரே, எல்லாரும் தூங்க வர்றாங்க. நீர் ஒருத்தர்தான் முழிச்சிருக்கீர். அதுவும் ஏட்டைப் பாக்காம ஆத்தைப் பாக்குறீர். நான் யாருக்குத்தான் தொண்டை வறள வாசிக்கிறது?"

"மன்னிச்சுக்குங்கம்மா. என்ன வாசிச்சீங்க?"

"கடன் ஏடு. உமக்கு வேண்டாததா பாரும்." அவள் விளக்கைத் தூண்டிவிட்டு மறுபடி வாசித்தாள். "'கோட்டுக்குள் நிறுத்தப்பட்டவர் விரும்பிய இடம் சென்று உழைத்து உண்ண இயலாதவர். ஆகையால் கோடு நீங்கும்வரை அவருக்குச் சோறிடுதல் கோடு இட்டவன் கடமை.'"

உய்யவந்தான் முதல்முறையாக ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "இன்னொரு தரம் வாசிங்க."

அவள் வாசித்தாள். அடுத்த ஏட்டையும் வாசித்தாள். அதற்கடுத்ததையும் வாசித்தாள். அவன் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியாகத்தான் கேட்டோமா என்று மறுபடியும் கேட்டான்.

"இதெல்லாம் எனக்குப் பொருந்துமா? வணிகர்களுக்கு மட்டும்னு எங்கேயாவது இருக்குமோ?"

"கடன் வாங்கினவங்களுக்குன்னு இருக்கு. நீர் வாங்கினீரா இல்லையா?"

"வாங்கினேன். ஆனா படிக்காம விரல் வெச்சேன். தப்பு என் மேலதானே?"

"நீர் படிக்காதது மடத்தனம். படிச்சுக் காட்டாம விரல் வாங்கினது குற்றம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, தம்பி. அதையும் இங்கதான் எழுதியிருக்கு. எத்தனை வருஷமா வாசிக்கிறேன்!"

உய்யவந்தான் வெகுநேரம் யோசித்தான். பிறகு அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். நங்கையாண்டாள் சிரித்த சிரிப்பில் குறட்டை விட்டவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். "எழுந்தீங்களா? நல்லதாப் போச்சு," என்றாள் அவள். "நாளைக்கு யாரும் வீட்டுல உலை வெக்க வேண்டாம்."

மறுநாள் உச்சிப்பொழுதில் உய்யவந்தான் சபைக்கு வந்தான். வாயைத் திறக்கவில்லை. அரசனை வணங்கி, நுனியோடு வெட்டிய ஒரு வாழையிலையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

"இது என்ன?" என்றான் அரசன். பதில் வரவில்லை. இலையும் கையுமாக அரசன் பின்னால் போனான். அரசன் போகவே சபையும் போனது.

மழவராயர் வீட்டுத் தெருவில் கால் வைக்க இடமில்லை. தெருவின் இருபக்கமும் ஊர்ச்சனம் வரிசையாகச் சம்மணமிட்டு, முன்னால் இலை விரித்துத் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தது. முதல் வரிசைக்கு மட்டும் மழவராயரின் மனைவி வெட்கம் தாங்காமல், வீட்டில் இருந்த சோற்றைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். உய்யவந்தான் அந்த வரிசையில், சோறு வைத்திருந்த தன் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

"ராயரே, எனக்குக் கத்தரிக்கா ஆகாது, பாத்துப் போடச் சொல்லுங்க!" என்றார் ஒரு குயவர்.

"பாயசம் உண்டா, இல்ல மோரோட முடிச்சிடுவீங்களா?" என்றாள் பூக்காரி.

"ராத்திரிக்கு எந்த நேரத்துக்கு வரணும்னு இப்பவே சொல்லிட்டா நல்லது," என்றது ஒரு குரல். அது அரண்மனைச் சமையற்காரனுடையது.

மழவராயர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "யார் நீங்கள் எல்லாம்? ஒருவரும் எனக்குக் கடன்படவில்லையே!"

"ஆனா உங்க கோட்டுக்குள்ள இருக்கோமே!" என்றார் குயவர். "'யாராயினும்'னு நேத்துச் சபையில நீங்கதானே சொன்னீங்க. ஊரே பேசுது."

நங்கையாண்டாள் எழுந்து நின்று கடன் ஏட்டை வாசித்தாள். அன்று ஒருவர்கூடத் தூங்கவில்லை. அரசன் ஏட்டைப் பார்த்தான்; கூட்டத்தைப் பார்த்தான்; தன் கையிலிருந்த இலையைப் பார்த்தான்.

"அப்படியானால் நானும் உமது கோட்டுக்குள்தான் இருக்கிறேன், இல்லையா மழவராயரே?"

"பிரபோ, அது... அது எப்படி..."

"கட்டுப்பட்டவன் ஆகிவிட்டேன். அது இருக்கட்டும், பசிக்கிறது." அரசன் உய்யவந்தானுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து இலையை விரித்தான். அவன் உதட்டோரம் துடித்தது. ஆனால் இன்னும் சிரிக்கவில்லை.

மழவராயர் கைகளைப் பிசைந்தார். "கோட்டை இப்போதே அழித்துவிடுகிறேன், பிரபோ! ஆனால் இந்த விகடனைச் சுற்றி மட்டும் சிறியதாக ஒன்று போட்டுக்கொள்கிறேன். இவன் ஒருவனுக்குச் சோறு போட என்னால் முடியும். பத்துப் பொன் முதல் அப்படியே நிற்கிறது."

சிறிய கோடு என்றால் மண்டபமும் இல்லை, புகையும் இல்லை. உய்யவந்தான் வாயைத் திறக்கப் போய், கையால் பொத்திக்கொண்டு, நங்கையாண்டாளைப் பார்த்தான். அவள் ஏட்டைப் புரட்டினாள்.

"'வட்டியாக வாங்குவது முதலை மிஞ்சலாகாது. முதலும் அதே அளவு வட்டியும் வந்து சேர்ந்தபின் கடன் தீர்ந்தது. அதற்கு மேல் வாங்கியது வாங்கியவன் பட்ட கடன்.'"

"மாதம் ஒரு பொன்," என்றான் அரசன். "இரண்டு ஆண்டுகளாக என் காதுபடத்தானே கூவினீர்கள். இருபத்துநான்கு. முதல் பத்து, வட்டி பத்து." அவன் விரல் மடக்கினான். "நான்கு பொன் மிச்சம் வருகிறதே. அது இப்போது யார், யாருக்குப் பட்ட கடன்?"

உய்யவந்தான் எழுந்தான். வாசலோரம் நின்றிருந்த வண்டியின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி சுண்ணாம்பை அள்ளினான். மழவராயரின் எதிரே குனிந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் ஒட்டினாற்போல், மெதுவாக, பிசிறில்லாமல் ஒரு வட்டம் போட்டான். ஓரிடத்தில் கோடு மெலிந்திருந்தது. திரும்பிப் போய் அதைச் சரிசெய்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, முதல் வரிசையில் இருந்த தன் இலையைச் சோற்றோடு தூக்கிவந்து மழவராயருக்கு முன்னால் வைத்து, சாப்பிடும்படி பணிவோடு கையைக் காட்டினான்.

அரசன் சிரித்தான். கிரீடம் சரிந்து காதில் தொங்கும்வரை சிரித்தான். பக்கத்தில் இருந்த குயவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். தெரு முழுவதும் சிரித்தது. மழவராயர் நகரவும் முடியாமல், உட்கார்ந்தால் கோட்டை மிதித்துவிடுவோமோ என்று உட்காரவும் முடியாமல், ஒற்றைக் குச்சிபோல நின்று தம் மனைவி சமைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அரசன் அங்கேயே ஆணையிட்டான். இனி யாருடைய கடன் ஓலையானாலும் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே விரல் வாங்க வேண்டும். விரல் வைப்பவர் கேட்டால் எத்தனை தரமானாலும் படிக்க வேண்டும். மழவராயர் நான்கு பொன்னைக் கொடுத்துவிட்டுக் கோட்டிலிருந்து வெளியே வரலாம். ஊருக்கு அன்றைய சாப்பாடு அரண்மனைச் செலவு. சமையற்காரன் எழுந்து ஓடவேண்டும்.

"உமக்கு என்ன வேண்டும், விகடரே? இப்போது பேசலாம். ஒரு கிராமம் தரட்டுமா?"

"ஓடம், பிரபோ," என்றான் உய்யவந்தான். "இன்றைக்கே."

அரசன் ஒரு பொற்கிழியோடு தன் சொந்தப் படகையும் துடுப்புக்காரரையும் கொடுத்தான். சடையாண்டி யாரும் கேட்காமலே படகின் முன்முனையில் ஏறி உட்கார்ந்து வழி சொன்னான். நடு ஆற்றில் இழுப்பு கடுமையாக இருந்தது. உய்யவந்தான் பின்னால் ஒருமுறையும் பார்க்கவில்லை. தென்னைகளுக்கு நடுவே புகை பெரிதாகிக்கொண்டே வந்தது. கிட்டப் போனதும் தெரிந்தது, அது ஒரு செங்கல் சூளையின் புகை. வடிவின் வீடு இன்னும் உள்ளே தள்ளி இருந்தது.

வடிவு வாசலில் நின்றிருந்தாள். அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "எளச்சுட்டீங்க," என்றாள். இடுப்பிலிருந்த குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

குழந்தை அவன் முகத்தைப் பார்த்ததும் வீரிட்டு அழுதது. அவன் புருவத்தை நெரித்துக் காட்டினான். அரசனை அரியணையிலிருந்து உருளவைத்த முகம் அது. அழுகை கூடியது. கன்னத்தை உப்பிக் காட்டினான். குழந்தை அம்மாவிடம் தாவியது. வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"சபை வேடிக்கையெல்லாம் இவகிட்ட எடுபடாது. யாருன்னே தெரியாதவர் வந்து மூஞ்சியக் கோணினா பயப்படாம என்ன பண்ணும்? மொதல்ல சும்மா உக்காருங்க. உங்களக் கொஞ்சம் பாத்துக்கட்டும்."

உய்யவந்தான் முகத்தை முகமாகவே வைத்துக்கொண்டு, குழந்தை பார்க்கிற தூரத்தில் தரையில் உட்கார்ந்தான். குழந்தை அம்மாவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்தது. சற்றுக் கழித்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது.